வராத லாபத்தை எழுதலாமா?

பி.காம். படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே ஒரு விதியைத் தலையில் குட்டிக் குட்டி ஏற்றிவிடுவார்கள். வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் இப்போதே ஒதுக்கிவை. கன்சர்வேட்டிசம் என்று அதற்குப் பெயர். குடோனில் கிடக்கிற சரக்கு அடுத்த மாசம் இரட்டை விலைக்குப் போகும் என்று நீங்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஆடிட்டர் மசியமாட்டார். அடக்க விலை, சந்தை விலை ரெண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். கடன் வாங்கியவர் தங்கமான மனுஷராக இருக்கட்டும், வாராக்கடனுக்கு என்று ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

கணக்குப் புத்தகத்துக்கு இது சரி. மனசுக்கு?

"ரொம்ப ஆசைப்படாதே, அப்புறம் ஏமாந்து போவே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே விதிதானே. ரிசல்ட் வருவதற்கு முன்னால் ஸ்வீட் வாங்காதே, கண் பட்டுவிடும் என்பதும் அதுதான். இது நல்ல அறிவுரையா, இல்லை வெறும் பயமா? இதை யோசிக்க உங்களைக் கொஞ்சம் தூரமாக அழைத்துப் போகிறேன். அமெரிக்காவுக்கு. அதுவும் ஆகஸ்ட் மாசக் கடைசிக்கு.

அங்கே காலேஜ் ஃபுட்பால் என்று ஒரு மதம் இருக்கிறது. பெயரில்தான் கால், விளையாட்டில் காலுக்குப் பெரிய வேலை இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுவார்கள். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். 'காலேஜ் மேட்ச்தானே' என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஃபுட்பால் ஸ்டேடியங்கள் எட்டு. எட்டுமே கல்லூரிகளுடையவை. தொழில்முறை அணிகளுக்குக்கூட அவ்வளவு பெரிய மைதானம் கிடையாது.

ரசிகரின் கஷ்டம் என்னவென்றால், சீஸன் ரொம்பச் சின்னது. வழக்கமான ஆட்டங்கள் மொத்தமே 12. அதில் சொந்த ஊரில் நடப்பது ஆறோ ஏழோ. ஜனவரியில் எல்லாம் முடிந்துவிட்டால், மறுபடி பந்தைப் பார்க்க ஆகஸ்ட் கடைசி ஆகிவிடும். ஏழெட்டு மாசம் பட்டினி. அதிலும் இது மாணவர் அணி. போன வருஷத்துப் பையன்கள் பலர் படிப்பு முடிந்தோ தொழில்முறை அணிகளுக்கோ போயிருப்பார்கள். இப்போதெல்லாம் கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. பெயர்ப்பலகை பழசு, கடைக்குள்ளே சரக்கு மொத்தமும் புதுசு. முதல் ஆட்டம் நடக்கிறவரை, இந்த வருஷம் தன் அணி எப்படி என்று யாருக்குமே தெரியாது. தெரியாததால்தான் ஏழெட்டு மாசமும் பேசித் தீர்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வியாபாரம் நுழைகிறது. முதல் ஆட்டத்தில் யாரோடு மோதுவது என்பதைப் பெரும்பாலும் கல்லூரிகளே பேசி முடிவு செய்துகொள்கின்றன. பெரிய கல்லூரிக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்து, 'எங்க ஊருக்கு வந்து எங்க பசங்களோட ஆடிட்டுப் போங்க' என்று கூப்பிடுவது. தோற்றுவிட்டுப் போங்க என்று ஒப்பந்தத்தில் எழுதமாட்டார்கள். எழுத வேண்டிய அவசியம் இல்லை. சின்னக் கல்லூரிக்கு அந்தப் பணத்தில் மற்ற விளையாட்டுகளின் செலவு ஓடும். பெரிய கல்லூரிக்கு ஒரு வெற்றி, ஒரு நாள் டிக்கெட் வசூல். எல்லோருக்கும் லாபம். சூதும் இல்லை, சட்ட விரோதமும் இல்லை.

சில சமயம் சரக்கு வாங்கினவரையே கடித்துவிடும். 2007 செப்டம்பர் 1-ம் தேதி, நாட்டிலேயே 5-வது இடத்தில் இருந்த மிச்சிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கல்லூரியை ஆன் ஆர்பருக்கு வரவழைத்தது. வட கரோலினாவில் மலைமேல் பூன் என்ற சின்ன ஊர்க்காரர்கள். இரண்டாம் அடுக்கு அணி. அந்த அடுக்கில் தொடர்ந்து ரெண்டு வருஷம் சாம்பியன் என்பதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தைத் தடுத்து நிறுத்தி, 34-32 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள், செக்கையும் வாங்கிக்கொண்டு.

இது ஒரு வகைத் துவக்கம். இன்னொரு வகை, கடினமான எதிரியைத் தேடிப் போய் முதல் ஆட்டத்திலேயே மோதுவது. எனக்கு இதுதான் சுவாரஸ்யம்.

2025 ஆகஸ்ட் 30. ஒஹையோ ஸ்டேட்டும் டெக்ஸாஸும் கொலம்பஸ் நகரில். ஒஹையோ ஸ்டேட் நடப்பு சாம்பியன். அந்த வருஷம் ஜனவரியில், அரையிறுதியில், டெக்ஸாஸை 28-14 என்று வீட்டுக்கு அனுப்பியதும் அவர்கள்தான். டெக்ஸாஸோ, சீஸன் தொடங்குவதற்கு முன் வரும் ஏ.பி. பட்டியலில் நம்பர் ஒன். அவர்கள் சரித்திரத்திலேயே அது முதல் தடவை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நம்பர் ஒன்! அந்தப் பட்டியலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் வேறு யாரும் இல்லை, விளையாட்டுப் பத்திரிகையாளர்கள்தான். வராத லாபத்தை முதல் பக்கத்திலேயே எழுதுவதில் எங்கள் தொழில்காரர்களை யாராலும் மிஞ்ச முடியாது.

இப்படி ஒரு ஆட்டம் முன்னால் நிற்கும்போது ரசிகர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எந்த நாட்டிலும், எந்த விளையாட்டிலும் இதே கதைதான்.

ஒரு கட்சி: "இந்த வருஷம் நாம தூக்கிடுவோம்." ஆதாரம் கேட்டால் பயிற்சி ஆட்டத்தில் யாரோ பந்தைப் பிடித்த விதத்தைச் சொல்வார். புதுப் பையனின் உயரத்தைச் சொல்வார். இன்னொரு கட்சி: "மண்ணைக் கவ்வப் போறோம், எழுதி வெச்சுக்கோ." இவரிடம் ஆதாரம் நிறைய இருக்கும். தடுப்பாட்டக்காரர்களில் பழைய ஆள் எத்தனை பேர், எதிராளி தன் ஊரில் கடைசியாக எப்போது தோற்றான் என்று எல்லாம் விரல் நுனியில்.

ரெண்டாம் ஆள்தான் நம் ஆடிட்டர் மெச்சக்கூடியவர். நஷ்டத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டார். விவேகி. அப்படித்தான் நாமும் நினைப்போம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அணி தோற்றால் அவருக்கு 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற லாபம் வந்துவிடுகிறது. ஜெயித்தால் எல்லோரையும் போல அவரும் குதிப்பார். அதாவது, ரெண்டு பக்கமும் வரவு. பற்று என்ற பத்தியே கிடையாது. டபுள் என்ட்ரி படித்த எனக்கு இப்படி ஒரு லெட்ஜரைப் பார்த்தால் சந்தேகம் வரும். ஒரு வரவு இருந்தால் எங்கேயோ ஒரு பற்று இருந்தாக வேண்டும். இவர் ஒன்றையும் பணயம் வைக்கவில்லை, அவ்வளவுதான். பணயம் வைக்காததை விவேகம் என்று சொல்லிக்கொள்கிறார்.

முதல் ஆளைப் பாருங்கள். ஏழெட்டு மாசம் சந்தோஷமாக இருந்திருக்கிறார். காலையில் காபி குடிக்கும்போது, ஆபீசுக்குக் கார் ஓட்டும்போது, பையனோடு சட்டை வாங்கப் போகும்போது, அந்த ஆகஸ்ட் சனிக்கிழமையை நூறு தடவை மனசுக்குள் ஜெயித்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி தோற்றால் அழுவார். அந்த அழுகைதான் அவர் கட்டுகிற விலை. அவரே அனுபவித்தார், அவரே கட்டுகிறார். இதில் யாருக்கு என்ன குறை?

இங்கே நம் பி.காம். விதியை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். வரப்போகிற லாபத்தை எழுதாதே என்று ஏன் சொன்னார்கள்? கம்பெனி முதலாளி ஏமாந்துவிடக் கூடாதே என்ற கரிசனத்தாலா? அவர் எப்படிப் போனால் என்ன! அவர் காட்டும் கணக்கை நம்பி கடன் கொடுத்த வங்கி, சரக்கு கொடுத்த வியாபாரி, பங்கு வாங்கிய ரிட்டயர்டு வாத்தியார், இவர்களைக் காப்பாற்றத்தான். இதே டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்து என்ரான், வருங்காலத்தில் வரும் என்று நினைத்த லாபத்தையெல்லாம் இப்போதே வந்ததாக எழுதிக்கொண்டிருந்தது. 2001 டிசம்பரில் திவாலானபோது ஆயிரக்கணக்கான ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு அதோடு போயிற்று. தங்கள் சேமிப்பைக் கம்பெனிப் பங்கிலேயே வைத்திருந்த அவர்கள்தான் அந்த நம்பிக்கைக்கு விலை கட்டினார்கள்.

ஆக, அந்த விதி மூன்றாம் மனிதருக்காகப் போட்டது. உங்கள் ஆசையின் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான் என்றால், தாராளமாக ஆசைப்படுங்கள். ரிசல்டுக்கு முன்னால் ஸ்வீட்டும் வாங்குங்கள். ரிசல்ட் சரியில்லை என்றால் அதே ஸ்வீட்டை உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆனால் ஃபுட்பால் ரசிகரின் கணக்கில் ஒரு மூன்றாம் மனிதர் இருக்கிறார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்கிறாரே, அவர்.

1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். காலேஜ் ஃபுட்பால் பற்றித்தான். தங்கள் அணி சனிக்கிழமை ஜெயித்திருந்தால், திங்கள்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட உடைகளை அணிந்து வகுப்புக்கு வருகிற மாணவர்கள் அதிகம். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வெற்றியைச் சொல்லும்போது 'நாங்கள்' என்ற சொல் அதிகம் வருகிறது. தோல்வியைச் சொல்லும்போது குறைந்துவிடுகிறது. 'நாம ஜெயிச்சோம்', 'அவனுங்க தோத்துட்டானுங்க'. நமக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை, பக்கத்து டீக்கடை போதும். ஆனால் கணக்குப் பாஷையில் இது பெரிய மோசடி. லாபத்தைத் தன் பெயரிலும் நஷ்டத்தை அடுத்தவர் பெயரிலும் எழுதுவது.

அந்த 2025 ஆட்டத்தில் டெக்ஸாஸின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங். வயசு 21. சித்தப்பாக்கள் பேட்டன், ஈலை, தாத்தா ஆர்ச்சி, மூவரும் இதே இடத்தில் ஆடிப் புகழ் பெற்றவர்கள். சீஸனின் சிறந்த வீரர் பரிசு அவருக்குத்தான் என்று பந்தயக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்பே கணித்துவிட்டார்கள். முழு நேரத் துவக்க வீரராக அவர் சீஸனைத் தொடங்கியது அன்றைக்குத்தான். கடைசிச் சில நிமிஷங்கள் வரை டெக்ஸாஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. முடிவு, ஒஹையோ ஸ்டேட் 14, டெக்ஸாஸ் 7. நாட்டின் மிகச் சிறந்த தடுப்பாட்டங்களில் ஒன்றுக்கு எதிராக, ஒரு லட்சம் பேர் ஊளையிடும் வெளியூர் மைதானத்தில், ஏழே புள்ளி வித்தியாசத்தில் ஒரு தோல்வி. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பையன் மொத்தமும் போலி, குடும்பப் பெயரால் வந்தவன் என்று பேச ஆரம்பித்தார்கள். ஏற்றி எழுதிய தொகை அவர் கேட்டதில்லை. கழித்தபோது மட்டும் அவர் கணக்கில் கழித்தார்கள்.

பந்தயம் இதை இன்னும் மோசமாக்கிவிட்டது. 2018 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மேலிருந்த மத்தியத் தடையை நீக்கியது. அதற்கப்புறம் பல மாநிலங்களில் எந்தப் பையன் எத்தனை கெஜம் ஓடுவான் என்றுகூடக் காசு கட்டலாம் என்றாகிவிட்டது. ஓடாவிட்டால் காசு போனவர் நேராக அந்தப் பையனைத் திட்டி, மிரட்டிச் செய்தி அனுப்புகிறார். தனி மாணவர்கள் மேல் கட்டும் பந்தயங்களைத் தடை செய்யுங்கள் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவரே 2024-ல் மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளும் நிலைமை.

"அவனுங்களுக்குத்தான் இப்ப காசு கொடுக்கிறாங்களே, வாங்கட்டும்" என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். 2021 ஜூலைக்கு முன் இந்த மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில்கூடக் காசு பார்க்க முடியாது. பயிற்சியாளர்களில் சிலருக்கு வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம். ஆடுகிற பையனுக்கு ஸ்காலர்ஷிப்போடு சரி. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல் தரலாம். நல்லது, நியாயம் தாமதமாகவாவது வந்திருக்கிறது. ஆனால் காசு வாங்கினவர் உழைப்பைத்தான் விற்றார். நம்முடைய ஏழெட்டு மாசக் கனவுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடினமான எதிரியைத் தேர்ந்தெடுக்கும் வீரம் யாருடையது? டெக்ஸாஸும் ஒஹையோ ஸ்டேட்டும் மோதுவதற்கான ஒப்பந்தம் பல வருஷம் முன்னால் போட்டது. ஆடிய பையன்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர் ஒருவர், கொண்டாடியவர்கள் ஒரு லட்சம் பேர், அடி வாங்கியவர் வேறொருவர்.

அந்த சீஸனில் டெக்ஸாஸ் 12 ஆட்டத்தில் 9 ஜெயித்து 3 தோற்றது. டிசம்பரில் சாம்பியன் போட்டிக்கு 12 அணிகளைத் தேர்ந்தெடுத்தபோது டெக்ஸாஸுக்கு இடமில்லை. பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியன் முன்கூட்டியே குறைப்பட்டுக்கொண்டிருந்தார்: ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போகாமல் சுலபமான ஆட்டம் ஒன்றை வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு தோல்வி குறைந்திருக்கும், இந்தப் பேச்சே வந்திருக்காது என்கிற அர்த்தத்தில். வாதத்தில் ஞாயம் இருக்கிறது. கஷ்டமான கேள்விக்கு விடை எழுத முயன்றவனுக்கும் அதைத் தொடாமல் விட்டவனுக்கும் ஒரே பூஜ்யம் என்றால், அடுத்த தடவை யார் தொடுவார்? எல்லோரும் 4 லட்சம், 10 லட்சம் டாலர் கொடுத்து வெற்றி வாங்கப் போய்விடுவார்கள். ரசிகருக்கு ஆகஸ்ட் முழுக்க நினைத்து உருக ஒன்றுமே இருக்காது.

இருந்தாலும் எனக்கு அந்தப் புகார் முழுசாக ஒட்டவில்லை. டெக்ஸாஸ் அக்டோபரில் ஃப்ளோரிடாவிடமும் தோற்றது. அந்த வருஷம் ஃப்ளோரிடா ஜெயித்ததே நாலு ஆட்டம். அதை விட்டுவிட்டு ஆகஸ்ட் தோல்வியை மட்டும் காட்டுவது பாதி பேலன்ஸ் ஷீட். தவிர, தோற்றால் இழப்பீடு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு இறங்கினால், அந்த ஆட்டத்தை எதற்காக வைத்தோமோ அதுவே போய்விடுகிறது.

ஒரு காலத்தில் முதல் தோல்வி ரொம்பக் கொடுமையான விஷயம். சாம்பியன் போட்டிக்கு ரெண்டே அணி, அப்புறம் 2014 முதல் நாலே அணி என்று இருந்த காலத்தில், ஆகஸ்டில் தோற்றவர் செப்டம்பர் பிறக்கும்போதே கத்திமேல் நடக்க ஆரம்பிப்பார். 2024-ல் அது 12 அணி ஆயிற்று. அந்த வருஷம் ஒஹையோ ஸ்டேட் ரெண்டு ஆட்டம் தோற்றும் சாம்பியன். இப்போது தைரியத்தின் விலை குறைந்துவிட்டது. மலிவான தைரியத்துக்கு மதிப்பும் குறைவுதானா? அப்படி நினைக்கிற ரசிகர்கள் அங்கே நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. 20 வயசுப் பையன் ஒரு சனிக்கிழமை தவறினால் வருஷமே போச்சு என்பதில் என்ன பெருமை?

முதல் ஆட்டம் ஒன்றையும் நிரூபிப்பதில்லை என்பதற்கும் 2025-லேயே உதாரணம் உண்டு. ஒஹையோவில் அந்த ஆட்டம் நடந்த அதே நாள், டல்லஹாசியில் ஃப்ளோரிடா ஸ்டேட், அலபாமாவை 31-17 என்று சாய்த்தது. முந்தின வருஷம் 12-ல் பத்து ஆட்டம் தோற்ற அணி அது. ஊர் தூங்கவில்லை. சீஸன் முடிவில் என்ன ஆயிற்று? அலபாமா சுதாரித்து எழுந்து 12 அணிகளுக்குள் இடம் பிடித்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்து ஜெயித்து ஏழு தோற்றது.

அப்படியென்றால் டல்லஹாசியின் ஆகஸ்ட் ராத்திரி பொய்யா? என் படிப்பு இங்கே உதவிக்கு வருகிறது. அது வசூலான லாபம். கைக்கு வந்த ரொக்கம். நவம்பரில் வேறு எங்கேயோ நஷ்டம் வந்தது என்பதற்காக ஆகஸ்டில் வசூலானதை அடித்துத் திருத்த முடியாது. திருத்தினால் அதுதான் கள்ளக் கணக்கு.

அப்பலாச்சியன் ஸ்டேட் மாணவர்கள் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். 2007-ல் அந்த ஆட்டம் நடந்தது பல நூறு மைல் தள்ளி, ஆன் ஆர்பரில். பூன் ஊரில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே புரியவில்லை. அங்கே ஜெயித்த மைதானத்துக்குள் குதிக்கும் வழக்கம் உண்டு. மிச்சிகன் மைதானத்துக்கு இவர்கள் எங்கே போவது? ஆளில்லாமல் கிடந்த தங்கள் சொந்த மைதானத்துக்குள் புகுந்து, தங்கள் சொந்த கோல் கம்பத்தைப் பிடுங்கி, தோளில் சுமந்துகொண்டு ஊர்வலமாகப் போய், தங்கள் துணைவேந்தர் வீட்டுப் புல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மிச்சிகன் மைதானத்தில் ஒரு ஆணிகூட நகரவில்லை.